பக்கத்து அட்டை

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், உன் அத்தான், வாலு மூவரும் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன் செய்தால் "ம்", "சரி", "பாக்கலாம்" தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் உதிர்வதில்லை. பேனாவைப் பிடித்தாலாவது நாலு வரி எழுதுவாய் என்றுதான் இந்தக் கடிதம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நன்றாக மாட்டிக்கொண்டேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீ ரைபிள் போட்டியில் முதல் கப் வாங்கியதையும், அதை வைத்தே தொழிற்சாலையில் உனக்கு வேலை கிடைத்ததையும் ஆசிரியர்கள் அறையில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை காதில் விழுந்துவிட்டது. மறுநாளே கூப்பிட்டு, "நவம்பர்ல எல்லா ஸ்கூலுக்கும் துப்பாக்கி சுடுற போட்டி இருக்கு. நம்ம பொண்ணுங்க டீம் போகணும். நீங்கதான் பொறுப்பு" என்று தலையில் கட்டிவிட்டார். "நான் கணக்கு டீச்சர் மேடம்" என்றேன். "குண்டு எண்ண வசதியாப் போச்சு" என்றார்.

நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் கிடந்த நீள அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். சாவி என்னிடம். ஏர் ரைபிள் இரண்டு. ஒன்று புதிது. இன்னொன்று எந்த அலமாரியிலிருந்து எடுத்தார்களோ, பிடியில் பாலிஷ் எல்லாம் போய்விட்டது. நாலு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேர்தான் போட்டிக்குப் போக முடியும்.

அந்த நாலில் ஒருத்தி நம் வாலு. உன் மருமகளைப் பற்றி உனக்குத் தெரியும். பதினாலு வயதுக்குள் ஆறு விஷயம் ஆரம்பித்து ஆறையும் பாதியில் விட்டவள். இதற்கு மட்டும் நான் எழுப்பாமலே எழுந்து ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் அந்த மூவரில் ஒருத்தியாக வர வேண்டும் தம்பி. வெளியில் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். ஆனால் டீச்சர் மகள் என்பதால் எடுத்தார்கள் என்று ஒரு வாய்கூடப் பேசக் கூடாது.

குறி அட்டைகளை உன் அத்தான் தன் அச்சகத்திலேயே அடித்துத் தருகிறார். அவரும் ஒரு காலத்தில் உன் பக்கத்தில் நின்று சுட்டவர்தானே! பத்துக் குண்டில் ஏழுதான் அட்டையில் பட்டது என்று நம் அப்பா வாய் ஓயாமல் சொல்வாரே. "ஏழு சார், நீங்க அட்டை மட்டும் அடிங்க, சொல்லிக்கொடுக்க என் தம்பி இருக்கான்" என்றேன். வழக்கம்போலச் சிரித்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று எழுது. எனக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பது மட்டும்தான் தெரியும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முதுகுவலி பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி? வாலு நன்றாகச் சாப்பிடுகிறாளா? ஒல்லியாக இருந்தால் துப்பாக்கி அவளைத் தூக்கிவிடும்.

முதலில் பாதுகாப்பு. துப்பாக்கியின் வாய் எப்போதும் அட்டைப் பக்கமே இருக்க வேண்டும். ஒருத்தி கையில் துப்பாக்கி இருக்கும்போது வேறு யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அட்டைகளுக்குப் பின்னால் மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கு. அட்டைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விடு.

முதல் மூன்று வாரம் குண்டே கொடுக்காதே. வெறும் துப்பாக்கியோடு நிற்கட்டும். இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். கை தாங்கக் கூடாது, எலும்புதான் தாங்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பிழிய வேண்டும், இழுக்கக் கூடாது. சுட்ட பிறகும் இரண்டு எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும்.

குண்டு போட ஆரம்பித்த பிறகு ஓட்டைகள் எங்கே கூடுகின்றன என்று பார். நடுவில் படாவிட்டாலும் கவலை இல்லை, ஒன்றாகக் கூடினால் போதும். அவள் சரியாக நிற்கிறாள், துப்பாக்கியின் குறிதான் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். ஓட்டைகள் சிதறினால் தவறு ஆளிடம் இருக்கிறது.

தட்டை மூக்குக் குண்டு இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். அது அட்டையில் வட்டமாக வெட்டும். கூர் மூக்குக் குண்டு கிழிக்கும், எண்ணுவது கஷ்டம்.

அன்புடன்
தம்பி


ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. டப்பாக்கள் பத்திரமாக வந்தன.

மூன்று வாரம் குண்டு இல்லாமல் நிற்கவைத்ததற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ஒரு பெண்ணின் அம்மா வந்து, "டீச்சர், பொண்ணு வீட்டுல துடைப்பக் கட்டையைத் தோள்ல வைச்சுக்கிட்டு மூச்சை அடக்கி நிக்கிறா, பயமா இருக்கு" என்றார். என் தம்பி சொன்னது, அப்படியே நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது சுடுகிறார்கள். நாலு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தி வகுப்பு லீடர், எல்லாவற்றிலும் இரண்டாவதாக வருவாள். ஒருத்தி தும்மல். விசையில் விரல் வைத்ததும் தும்முவாள். மூன்றாவது பள்ளி வேன் டிரைவரின் மகள். அவளைச் சிலை என்று கூப்பிடுகிறோம். நின்றால் நின்றதுதான், ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். குண்டுகளைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்துத் தைக்கிறாள். நாலாவது நம் வாலு. சிலையும் வாலுவும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் சுடுவார்கள்.

நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன், நீயே மெச்சுவாய். புது ரைபிளும் நீ அனுப்பிய தட்டைக் குண்டும் மற்ற மூவருக்கும்தான். பழைய ரைபிளும் பள்ளியில் வாங்கிய கூர்க் குண்டும் என் மகளுக்கு. "டீச்சர் மகளுக்குத்தான் மட்டமானது" என்று இப்போது ஊரே சொல்கிறது. வாலு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "கருவி சரியில்லைன்னு சொல்றவ நல்லா சுட மாட்டா" என்று அடக்கிவிட்டேன்.

அவள் அட்டைதான் கவலையாக இருக்கிறது. பத்துக்கு நாலோ ஐந்தோதான் படுகிறது. மற்றது எங்கே போகிறது என்று மணல் மூட்டைக்குத்தான் தெரியும்.

உன் அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு ஷிப்ட் சேர்ந்து பார்க்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். எழுத்தில் கேட்டு ஒன்றும் சொல்ல முடியாது. சுட்ட அட்டைகளைப் பெயர் எழுதி அப்படியே உறையில் போட்டு அனுப்பு. அட்டையைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி.

வாலுவை என் சார்பில் ஒரு தட்டுத் தட்டு.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நான் சந்தோஷத்தில் இருக்கிறேன், கூடவே தலையும் கிறுகிறுக்கிறது.

சந்தோஷம் இது: வாலு தேறிவிட்டாள்! மூன்று வாரமாக அவள் அட்டையில் பத்துக்குப் பத்து படுகிறது. நடு வட்டத்திலேயே ஐந்து, ஆறு. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று என்று ஏறிக்கொண்டே போகிறாள். தும்மலைத் தாண்டிவிட்டாள். ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரிக்கிறாள்.

கிறுகிறுப்பு என்னவென்றால், எனக்குக் கணக்கு இடிக்கிறது. ஆளுக்குப் பத்துக் குண்டு என் கையாலேயே எண்ணிக் கொடுக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை வாலுவின் அட்டையில் பதினோரு ஓட்டை. சிலையின் அட்டையில் நாலுதான் எண்ண முடிந்தது. கேட்டால், "ஒரே ஓட்டையில ரெண்டு மூணு போயிடுச்சு டீச்சர்" என்கிறாள். நடுவில் பெரிய ஓட்டையாகத்தான் இருக்கிறது. அவள் சுடுகிற அழகுக்கு அது நடக்கும் என்று பத்தாகவே போட்டுக்கொண்டேன். பதினொன்றுக்குத்தான் விளக்கமில்லை. இருபது வருஷம் பின்னமும் தசமமும் நடத்தியவளுக்குப் பத்து எண்ண வரவில்லை பார்.

இன்னொன்று. வாலுவின் அட்டையில் நடுவில் விழுந்ததெல்லாம் அச்சு வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கிறது. வலது ஓரத்தில் நெருக்கிக்கொண்டு விழுந்ததெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி கிழிந்திருக்கிறது. அட்டை மட்டமா என்று உன் அத்தானைப் பிடித்துக் கேட்டேன். அச்சகத்துப் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அட்டையில ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிக் கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அவரிடம் இரண்டாவது வாக்கியம் வாங்குவதற்குள் விடிந்துவிடும்.

வாலு அட்டை ஆறும் சிலை அட்டை ஆறும் இதோடு வைத்திருக்கிறேன். பார்த்து உடனே எழுது.

அக்கா


செப்டம்பர் 14

தம்பிக்கு,

சுகம்தானே? உறை வந்து சேர்ந்ததா இல்லையா? இரண்டு தடவை போன் செய்தேன். நீ குளிக்கிறாய் என்றாள் உன் வீட்டுக்காரி. சாயங்காலம் ஆறு மணிக்கும் குளியல், எட்டரைக்கும் குளியலா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. எனக்கு நீ எழுதுகிற "நலம்" மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உறை வந்தது. அட்டைகளைப் பார்த்தேன்.

சிலையையும் வாலுவையும் பக்கத்தில் நிற்கவைக்காதே. நடுவில் ஓர் இடம் காலியாக விடு. இரண்டு வாரம் அப்படியே சுடட்டும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


அக்டோபர் 11

தம்பிக்கு,

நான் சுகம். மற்றபடி ஒன்றும் சுகமில்லை.

நீ சொன்னாய் என்று வாலுவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினேன். அன்றைக்கே அவள் அட்டையில் நாலே நாலு ஓட்டை. எல்லாம் வலது ஓரத்தில், எல்லாம் கிழிசல். மறுநாள் மூன்று. சிலையின் அட்டையில் மட்டும் அதிசயமாகப் பத்தும் தனித்தனியாக எண்ண வந்தது. வெளிச்சமோ ஜன்னல் காற்றோ என்று ஜன்னலைச் சாத்தினேன், விளக்கை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாலு இரண்டு நாள் அறைக்குள்ளேயே வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இது ஏழாவதாக விடப்போகிற விஷயம் என்று பயந்துவிட்டேன். உன் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்கவைத்தேன். ஐம்பத்தொன்பது வந்தது.

சிலை, லீடர், வாலு என்று மூவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். தும்மல் அழவில்லை. "எனக்கு எத்தனை டீச்சர் குறைஞ்சது?" என்று மட்டும் கேட்டாள். "நாலு மார்க்" என்றேன். போட்டி நவம்பர் பதினாறு. யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை அங்கே குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சிலைக்கு முகமே சரியில்லை. வாலுவுக்கு அந்தக் கவலையே இல்லை.

நீ ஏதோ மென்று முழுங்குகிறாய். உன் அத்தானும் அப்படித்தான். "என்னங்க, அந்த அட்டையில என்னதான் தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டால், "உன் தம்பியைக் கேளு, அவனுக்குத் தெரியும்" என்கிறார். இதென்ன, ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்குகிற திட்டமா? இப்போதுதான் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். என் முழங்காலைக் கேட்கிறாய், வாலுவின் சாப்பாட்டைக் கேட்கிறாய். அந்த மனிதரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வீட்டுக்கு வந்தும் மூன்று வருஷம் ஆகிறது. உங்களுக்குள் என்ன சண்டை?

பூசி மெழுகாமல் எழுது. இல்லையென்றால் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

அக்கா


அக்டோபர் 23

அன்புள்ள அக்கா,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

கூர்க் குண்டு கிழிக்கும், தட்டைக் குண்டு வெட்டும் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். உன் மகளிடம் இருப்பது கூர்க் குண்டு மட்டும். அவள் அட்டையில் நடுவில் இருக்கிற சுத்தமான ஓட்டைகள் அவள் சுட்டவை இல்லை. பக்கத்தில் நிற்கிற சிலை சுட்டவை. வாலுவின் குண்டு அட்டையில் பட்ட சத்தம் வராதபோதெல்லாம் தன் குண்டு ஒன்றை அவள் அட்டையில் போடுகிறாள். ஒரு நாள் கணக்குத் தப்பிப் பதினொன்று ஆகிவிட்டது. ஒரே ஓட்டையில் மூன்று குண்டு, தினமும், யாருக்கும் போகாது. வாலுவுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். தன் குண்டு போகிற இடம் அவளுக்கு எப்படித் தெரியும்?

உறையைப் பிரித்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் உடனே எழுதவில்லை என்று கேட்பாய். அந்த அட்டை மாதிரி ஒன்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதில் என் பெயர் எழுதியிருந்தது.

நான் கப் வாங்கிய அந்தப் போட்டியில் எனக்குக் கை உதறியது. துப்பாக்கியை ஏற்றும்போதே இரண்டு தடவை விசை அழுந்தி, குண்டு மண்ணுக்குப் போனது. இன்னொன்று மரச்சட்டத்தில் பட்டுத் தெறித்தது. என் அட்டையில் ஏழுதான் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது பத்து இருந்தது. கூடுதலாக வந்த மூன்றும் நடுவில். அத்தான் எனக்கு வலது பக்கத்தில் நின்றிருந்தார். அவர் அட்டையில் ஏழு.

அதிகாரியிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். முதலில் வருகிறவனுக்குத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் உன் கல்யாணம் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். நீங்கள் இருவரும் அதற்குள் பேசிவைத்திருந்தது எனக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். அக்கா, அவர் என்னைவிட நல்ல ஷூட்டர். அந்தக் கப், இந்த வேலை, நான் உட்கார்ந்து எழுதுகிற இந்த மேஜை எல்லாம் அவருடையது. அப்பா அவரை "ஏழு" என்று கூப்பிட்டபோதெல்லாம் பக்கத்தில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வீட்டுக்கு வருவதையே குறைத்தேன். அன்றோடு துப்பாக்கியையும் தொடவில்லை.

பதினாறாம் தேதி சிலை எங்கே நிற்பாளோ, வாலு எங்கே நிற்பாளோ. அத்தனை பேர் முன்னால் என் மருமகள் நாலு ஓட்டையோடு நிற்கக் கூடாது. அதற்குள் நீ ஏதாவது செய். என்ன செய்வது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

தம்பி


நவம்பர் 4

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு இப்போது வரவில்லை. கடிதத்தை நூலகத்துக்குப் பின்னால் நின்றே படித்தேன். மணி அடித்து, வகுப்புக்குப் போய், பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு விடையை மறந்து நின்றேன்.

சிலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "வாலு டீம்ல இல்லன்னா நீங்க வர மாட்டீங்கன்னு நெனைச்சேன் டீச்சர். நீங்க வரலன்னா ரூமைப் பூட்டிடுவாங்க. எனக்கு வேற எங்க இருக்கு துப்பாக்கி?" என்றாள். பிறகு, "அவ படிக்கட்டுல உக்காந்திருந்தா எனக்குக் கை ஓடல" என்றாள். நான் அப்படிப்பட்டவள் என்று ஒரு பெண் குழந்தை எதை வைத்து முடிவு செய்தது? நியாயமாக இருக்கிறேன் என்று நான் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் போய் வகுப்பில் உட்காரச் சொல்லிவிட்டேன்.

வாலுவிடம் சொன்னேன். அவள் பெயரை எடுத்துவிட்டுத் தும்மலின் பெயரைக் கொடுத்தேன். ஐந்து நாளாக என்னோடும் பேச்சில்லை, சிலையோடும் பேச்சில்லை.

பிறகு அச்சகத்துக்குப் போனேன். அவர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை மேஜை மேல் வைத்தேன். படித்து முடித்து, மடிப்புக் கலையாமல் மடித்துக் கொடுத்தார். "பதினெட்டு வருஷமா உங்களை ஏழு ஏழுன்னு கூப்பிட்டேனே, ஒரு தடவை வாயைத் திறந்தா என்னங்க?" என்றேன். "தெறந்திருந்தா அவன் மறுநாளே வேலையை விட்டுட்டு வந்து நின்னிருப்பான். உங்கப்பா மறுபடி கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பார்" என்றார். அப்புறம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அன்னிக்கு நான் பத்தும் நல்லாத்தான் சுட்டேன். அட்டைதான் வேற" என்றார். அவர் அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தக் காகிதக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. அவருக்காகவா, எனக்காகவா, கேலிக்கு அவர் சிரித்த சிரிப்புகளுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று புரியவில்லை. உன் மேல் வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவர் மேல் வருகிறது. அந்தப் பெண் மேல் வர மாட்டேன் என்கிறது. எல்லோருமே நல்லதுதான் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் என் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

அக்கா


நவம்பர் 25

மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். அம்மா, அப்பா சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தை அம்மா படிக்கவில்லை. ஒட்டின பிறகுதான் முகவரி எழுதக் கொடுப்பேன்.

போட்டியில் எங்கள் பள்ளி ஒன்பது டீமில் ஐந்தாவது. சிலை தனியாக மூன்றாவது. தும்மல் எட்டாவது குண்டுக்குத் தும்மினாள், ஆனாலும் குண்டு அட்டையில்தான் பட்டது. நான் அப்பாவோடு பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கை தட்டினேன். பாதி மனசோடுதான் தட்டினேன்.

போட்டி முடிந்த மறுநாள் பழைய ரைபிளோடு போய் நின்றேன். அம்மா நாற்காலி போட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அட்டைக்குப் பின்னால், அப்பா கொடுத்த பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டினேன். என் குண்டெல்லாம் எங்கேதான் போகிறது என்று பார்க்க ஆசை. பத்துச் சுட்டேன். மூன்று குண்டு அட்டையின் வலது ஓரத்தில், ஏழு அதற்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளில். பத்தும் என் உள்ளங்கை அளவுக்குள் கூடியிருந்தது மாமா! சிதறவே இல்லை. ஒன்றாகக் கூடினால் ஆள் சரி, திருகைத் திருப்ப வேண்டும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். அம்மா உங்கள் முதல் கடிதத்தைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். எட்டு க்ளிக் திருப்பினேன். அடுத்த பத்து கறுப்புக்குள் வந்துவிட்டது. எழுபத்தொன்று.

அம்மா ஓடிவந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அதனால் உங்களைக் கேட்கிறேன். நடுவில் அந்த அழகான ஓட்டைகள் இல்லாமல் இருந்திருந்தால், முதல் வாரமே யாராவது திருகைத் திருப்பியிருப்பார்கள். அம்மா அழகான ஓட்டைகளையே பார்த்தார். அப்பாவும் அதையே பார்த்தார். நீங்கள் ஆறு அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பார்த்தீர்கள். கிழிந்ததெல்லாம் வலது ஓரத்தில் ஒன்றாகச் சேர்ந்திருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுதானே மாமா என்னுடையது?

சிலை எவ்வளவு நல்ல பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லவள்தான். இப்போது அவளோடு பேசுகிறேன். ஆனால் எனக்கு வேண்டுமா என்று அவள் கேட்கவே இல்லை. உங்கள் பழைய போட்டிக் கதையையும் அம்மா சொன்னார். அப்பா உங்களைக் கேட்டாரா? உங்களுக்கு அப்பா மேல் கோபமே வரவில்லையா? எனக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைக் குத்தினேன். கோபப்பட்டது தப்பு என்று தோன்றியது, அதற்கும் சேர்த்துக் குத்தினேன். அன்றைக்கு ஏழு குண்டோடு தோற்றிருந்தால் அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி சுட்டிருப்பீர்கள் இல்லையா? அப்பாவிடமும் இதைக் கேட்டேன். "அது எனக்குத் தோணல" என்றார்.

இதோடு வைத்திருக்கிற அட்டையை அப்பா அச்சடித்து உங்களுக்கென்று தனியாக வெட்டிக் கொடுத்தார். மூலையில் உங்கள் பெயரை நான் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் சுடுகிற இடம் எங்காவது இருக்கும். பத்துக் குண்டு சுட்டு எனக்கு அனுப்புங்கள். ஏழு வந்தாலும் பரவாயில்லை, இரண்டு வந்தாலும் பரவாயில்லை, எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.

பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

உங்கள் மருமகள்
வாலு